புளியரை ஏற்றத்தில் செகண்ட் கியர்

"கியரைச் சட்டுனு மாத்த என்ன வழி?" என்று கேட்டதும் தென்காசி டாக்ஸி ஓட்டுநர் சிரித்துவிட்டார். "இங்கன இருந்து என்ன சொல்ல, அண்ணாச்சி? புளியரைக்கு வாங்க, காட்டுதேன்."

செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவு வழியே ஆரியங்காவுக்கு ஏறும் சாலை அது. குற்றாலச் சீசன், சாரலில் தார் நனைந்து கிடந்தது. முன்னால் எம்-சாண்ட் ஏற்றிய டாரஸ் லாரி ஒன்று முக்கி முனகிக்கொண்டிருந்தது. வளைவு கண்ணில் பட்டதுமே பிரேக்கைத் தொட்டு வேகத்தைக் குறைத்தார். ஸ்டீயரிங்கை ஒடிக்கும் முன்பே தேர்டிலிருந்து செகண்டுக்கு வந்துவிட்டார். கியர் குமிழை அவர் இறுக்கிப் பிடிக்கவே இல்லை. உள்ளங்கையால் பின்னுக்கு இழுத்தார். கிளட்ச் அமுங்கியிருந்த அந்தக் கணத்தில் வலது கால் ஆக்ஸிலேட்டரை லேசாகத் தட்டியது; இன்ஜின் ஒரு தடவை உறுமியது; கிளட்ச் மேலே வந்தபோது வண்டி குலுங்கவில்லை.

அந்த உறுமலில்தான் சூட்சுமம். வண்டி அதே வேகத்தில் போகும்போது கியர் இறங்கினால் இன்ஜின் கூடுதலாகச் சுழல வேண்டும். அந்தச் சுழற்சியை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் கிளட்சைச் சீக்கிரம் விடலாம். கொடுக்காமல் விட்டால் வண்டி வெட்டி இழுக்கும். ஈரச் சாலையில் டயரும் வழுக்கும்.

கியர்பாக்ஸுக்குள் நடப்பதை ஊருக்குள் ஒரு பட்டறையில் பார்த்தேன். மெக்கானிக் கழற்றி வைத்திருந்த சிங்க்ரோ ரிங்கை நீட்டினார். சுற்றிலும் பொடிப் பற்கள் கொண்ட பித்தளை வளையம். உட்புற வரிகள் வழவழவென்று தேய்ந்திருந்தன. கியரின் கூம்பில் இந்த வளையம் உரசி, இரண்டின் சுழற்சியையும் சமமாக்கிய பிறகே கியரைப் பூட்டும் ஸ்லீவ் உள்ளே நுழையும். "அதுக்கு ஒரு நொடிகூட வேண்டாம். அதையும் கொடுக்காம குத்துனா இப்படித்தான் ஆவும். பொறவு பல்லு கடிக்கும்" என்றார்.

1928-இல் காடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் என்ற இந்த ஏற்பாடு வரும்வரை சுழற்சியைச் சமமாக்கும் வேலை முழுக்க ஓட்டுநருடையது. அது இல்லாத பழைய லாரிகளில் 'டபுள் கிளட்ச்' தெரியாமல் பிழைக்க முடியாது: கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஒரு ரேஸ், மறுபடி மிதித்துக் கீழ் கியர். கை பழகியவர்களுக்கு இத்தனையும் ஒரே வீச்சு.

ஆரியங்காவிலிருந்து திரும்பும்போதும் அதே செகண்ட்தான். "ஏறுன கியர்லயே இறங்கணும்" என்றார் ஓட்டுநர். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டினால் பாரம் மொத்தமும் பிரேக்கின் தலையில் விழும். சூடேறிய பிரேக் பிடிக்காமல் போகும்.

வழியெல்லாம் அவர் கையைவிட அதிகம் உழைத்தவை கண்ணும் காதும். வளைவுக்குள் நுழைந்த பிறகு கியரைத் தேடுபவருக்குத்தான் அவசரம் வருகிறது. இவர் முன்னதாகவே முடிவெடுத்துவிடுவதால் கைக்குப் பதற்றமே இல்லை, கியரும் தாமதமாவதில்லை.