தோட்டத்துப் புளியமரமும் ஒரு எட்டுக்கால் பூச்சியும்

போன ஞாயித்துக்கிழமை காரியாபட்டியிலிருந்து அப்பா போன் பண்ணினார். "தோட்டத்துப் புளியமரத்துக்கு ஆள் வந்திருக்குடா. நல்ல விலை சொல்றான், குடுத்துரவா?"

போர் மோட்டார் போய் ரெண்டு மாசமாச்சு. குடுங்கன்னு சொல்றதுதான் நியாயம். "யோசிச்சுச் சொல்றேம்ப்பா"ன்னு வச்சுட்டேன்.

காரணம் கேட்டா சிரிப்பீங்க மக்களே. ஒரு எட்டுக்கால் பூச்சி!

முந்தின ராத்திரிதான் ராமேஸ்வரம் பாராசூட் சிலந்தியைப் பத்திப் படிச்சிருந்தேன். அறிவியல் பெயர் பொய்சிலோதீரியா ஹனுமவிலாசுமிகா (ஒரே மூச்சில சொல்லிப் பாருங்க). அனுமார் கோயில் பக்கம் கிடைச்சதால அந்தப் பேர். தை அமாவாசைக்கு நம்ம சனம் பஸ் பஸ்ஸா போய்த் தீர்த்தமாடிட்டு வர்ற ஊர். ஆனா இப்படி ஒரு இனம் இருக்குன்னு ஆண்ட்ரூ ஸ்மித் எழுதினது 2004-லதான். நாலே வருஷத்துல, 2008-ல, அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர்கள் பட்டியல்லயும் சேர்ந்தாச்சு.

வலை கட்டி உக்காந்திருக்கிற ரகம் இல்ல இது. பகல்ல பழைய மரத்துப் பொந்து, பட்டை இடுக்குல பதுங்கிட்டு, ராத்திரி வேட்டைக்கு வரும். புளியமரம்னா இஷ்டம். தோப்பை வெட்டினா வீடு போச்சு, அவ்ளோதான்.

ராமேஸ்வரமும் அதை ஒட்டின இடமும் மட்டுமே இதோட ஊர்னு நினைச்சிட்டு இருந்தாங்க. 2015-ல இலங்கையில் மன்னார்லயும் இருக்குன்னு தெரிஞ்சது. நீந்தியா போயிருக்கும்? பனியுகத்துல கடல்மட்டம் தாழ்ந்திருந்தப்ப ரெண்டு கரையும் ஒரே நிலம்தானே. அது பாட்டுக்கு அங்க இருந்திருக்கு. தேடினப்பதான் கண்ணுல பட்டிருக்கு. டெஸ்ட் பண்ணாத கோடுல பக் இல்லன்னு நாங்க சொல்ற மாதிரிதான் இதுவும்.

பத்து வயசுல எங்க மரத்துல புளி உலுக்கறப்ப உள்ளங்கை அகலத்துக்கு ஒண்ணு விழுந்தது. செருப்பாலேயே அடிச்சேன். என்ன நிறம், காலில் என்ன கோடு, ஒண்ணும் ஞாபகமில்ல. பார்த்திருந்தால்தானே?

சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டேன். "மோட்டாருக்கு இந்த மாசச் சம்பளத்துல அனுப்பறேன். மரம் இருக்கட்டும்ப்பா." விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"பூச்சிக்காகவாடா?"

"ஆமாப்பா."

"சரி. கடிச்சா நீதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

பொங்கலுக்கு ஊருக்குப் போறேன். ராத்திரி டார்ச் அடிச்சுப் பொந்தைப் பாக்கணும். எதுவும் இல்லாமலும் போகலாம். இந்தத் தடவை செருப்பை வீட்லயே விட்டுட்டுப் போறதா உத்தேசம்.