ராயல் மைலிலிருந்து தஞ்சாவூருக்கு

எடின்பரோ

அன்புள்ள நண்பா,

மேல வீதியில் இருக்கும் தாத்தா வீட்டை இடிக்கப்போவதாக எழுதியிருந்தாய். மூன்று நாளாக அந்த நினைப்போடுதான் இங்கே ஒரே தெருவில் நடந்துகொண்டிருக்கிறேன்.

தெருவின் பெயர் ராயல் மைல். மேற்கே பாறைமேல் நிற்கும் கோட்டையிலிருந்து கிழக்கே ஹோலிரூட் அரண்மனைவரை சரிந்து இறங்குகிறது. முள்ளந்தண்டிலிருந்து விலாவெலும்பு பிரிவதுபோல இருபுறமும் சந்துகள். 'க்ளோஸ்' என்கிறார்கள். ஒன்றில் கைகளை விரித்து நின்றேன். இரண்டு பக்கச் சுவரும் ஈரமாக விரல்நுனியில் தட்டின. அண்ணாந்து பார்த்தால் ஆறேழு மாடிக்கு மேலே ஒரு துண்டு வானம். மதிலுக்குள் இடம் போதாமல் உயர உயரக் கட்டிய ஊர் இது.

வசதியுள்ளவர்கள் பக்கத்துப் புதுநகருக்குக் குடிபெயர்ந்த பிறகு, இந்த மாடிகளில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அழுக்கும் நோயும் சேர்ந்தன. 1880களில் பேட்ரிக் கெடிஸ் என்ற உயிரியல் அறிஞர் மனைவி அன்னாவோடு இங்கே ஜேம்ஸ் கோர்ட்டில் குடியேறினார். அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு சுத்தம் செய்தார், வெள்ளையடித்தார், பழைய வீடுகளைப் பழுதுபார்த்தார்.

1892இல் அவர் வாங்கிய கோபுரத்தில் இன்றும் ஓர் இருட்டறை உண்டு. நடுவில் வெள்ளை மேசை. உச்சியிலுள்ள கண்ணாடி வழியே வெளித்தெரு அதில் அசைந்தபடி விழுகிறது. ஒரு காகிதத்தை நீட்டினேன். நடந்து வந்த ஒருவர் அதில் ஏறி இறங்கிப் போனார்.

இதே கெடிஸ் 1914இல் இந்தியா வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் வந்த கப்பலை, சென்னையைக் குண்டு போட்டுத் தாக்கிய அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. மீண்டும் திரட்டி, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடத்தினார்கள். பிறகு தஞ்சைக் கோட்டைப் பகுதியையும் பார்த்தார். குடியிருப்புகளை அறுத்து நேர்த்தெரு போடும் திட்டம் வேண்டாமென்றார். சிதைந்ததை மட்டும் நீக்கி, அந்த இடத்தைக் காற்றுக்கும் மரத்துக்கும் விட்டு, மற்ற வீடுகளை வாழவிடச் சொன்னார்.

எடின்பரோவின் பழைய நகரமும் புதிய நகரமும் 1995 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். ராயல் மைலின் மாடிகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள்.

இடிக்க ஆள் சொல்வதற்கு முன், பழைய வீட்டு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரைக் கூட்டிப்போய் எது கெட்டிருக்கிறது என்று மட்டும் பார். நான் வரும்வரை முற்றத்துத் தூண்களில் கை வைக்காதே.

அன்புடன்,
உன் நண்பன்