அதற்கு யார் சொன்னது?

ஸ்மார்ட் ஸ்பீக்கருக்குள் ஜிபிஎஸ் கிடையாது. திருத்தணியில் வைஃபை, கேமரா, ஸ்பீக்கர் என்று வீடு வீடாகப் போய் வேலை பார்க்கிற நான் எந்த வீட்டிலும் முதலில் சொல்வது இதைத்தான். “லொகேஷன் எடுக்க மாட்டேங்குது, உள்ள ஏதோ போயிடுச்சு போல” என்று கூப்பிடுவார்கள். போவதற்கு உள்ளே அப்படியொரு பொருளே இல்லை. எக்கோ டாட்டோ நெஸ்ட் மினியோ, மைக், ஸ்பீக்கர், சின்னதாக ஒரு போர்டு, வைஃபை ஆன்டெனா, அவ்வளவுதான். பஸ்ஸில் தூங்கி எழுந்தவர் பக்கத்து சீட்காரரிடம் “இது எந்த ஊருங்க?” என்று கேட்கிற மாதிரி, அதுவும் யாரையாவது கேட்டுத்தான் தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. அது யாரைக் கேட்டது, அவர் என்ன சொன்னார் என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழிலில் பாதி.

ஆப்பில் நாம் எழுதி வைத்த முகவரி இருந்தால் அதை நம்பும். அலெக்ஸா ஆப்பில் அந்த ஸ்பீக்கரின் செட்டிங்ஸுக்குள் ‘டிவைஸ் லொகேஷன்’ என்று இருக்கும். கூகுள் ஹோம் ஆப்பில் வீட்டு விவரத்தோடு முகவரி இருக்கும். மெனுவின் இடத்தை மட்டும் ஒவ்வொரு அப்டேட்டிலும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முகவரி எழுதவில்லை என்றால், செட்டப் செய்தபோது பக்கத்திலிருந்த போன் சொன்னதை வைத்துக்கொள்ளும். அதுவும் கைகொடுக்காவிட்டால் இன்டர்நெட் இணைப்பின் ஐபி முகவரியைப் பார்த்து ஊகிக்கும். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இந்த மூன்றாவது. முகவரி கேட்கும் திரை வந்ததும் ‘ஸ்கிப்’ அழுத்திவிட்டு, பாட்டு வருகிறதா என்று பார்க்கத்தான் எல்லோருக்கும் அவசரம்.

ஐபி முகவரியை ஊர் முகவரி என்று நினைத்துக்கொள்வதில்தான் வம்பே இருக்கிறது. பழைய வகை ஐபி முகவரிகள் உலகம் முழுவதற்கும் சேர்த்து ஏறக்குறைய 430 கோடிதான். ஆசிய-பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே தட்டுப்பாட்டு நிலைக்கு வந்துவிட்டது. ஆகவே இன்டர்நெட் கம்பெனிகள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கின்றன. அந்த முகவரி வெளியுலகத்தை எட்டிப் பார்க்கும் வாசல் சென்னையிலோ மும்பையிலோ இருக்கும். ஸ்பீக்கர் பார்ப்பது அந்த வாசலைத்தான். லேண்ட்லைன் காலத்திலேயே நமக்குச் சென்னையின் 044தானே. வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் திருத்தணி என்றைக்கும் சென்னையின் ஓரம்தான்.

இந்த ஊகத்தை நம்பி உலகத்தில் பெரிய கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. மேக்ஸ்மைண்ட் என்கிற அமெரிக்க நிறுவனம் ஐபி முகவரிகளுக்கு ஊர் சொல்லும் பட்டியலை விற்கிறது. “அமெரிக்கா என்று தெரியும், எந்த ஊர் என்று தெரியாது” என்றிருந்த முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் புள்ளி கான்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்குப் பக்கத்துப் பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. 60 கோடிக்கு மேற்பட்ட முகவரிகள் அந்த ஒரே வீட்டைக் காட்டின. திருட்டு, மோசடி, காணாமல் போனவர் என்று எதைத் தேடினாலும் போலீஸ் அந்த வாசலில் வந்து நின்றது. 2016இல் பத்திரிகையில் செய்தி வந்த பிறகு புள்ளியை ஓர் ஏரிக்கு நகர்த்தினார்கள். ‘தெரியாது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவைத்ததன் வினை அது. என்னைக் கேட்டால், இடம் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிற ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர். துணிந்து தப்பைச் சொல்வதுதான் தலைவலி.

அந்தத் தப்பு மாதக்கணக்கில் வெளியே தெரியாது. இந்தியா முழுவதும் ஒரே நேரம். தான் டெல்லியில் இருப்பதாக நினைத்துக்கொண்டாலும் காலை ஐந்து மணி அலாரம் சரியாக ஐந்துக்கே அடிக்கும். எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பிசகு வெளிவரும்.

ஒரு வீட்டில், சாயங்காலம் சூரியன் மறையும்போது பூஜை அறை விளக்கு தானே எரிகிற மாதிரி ரொட்டீன் போட்டு வைத்திருந்தார் மருமகள். மாமியாருக்கு அதில் திருப்தியே இல்லை. “இருட்டினப்புறம் விளக்கு போடறதுக்கு மிஷின் எதுக்குப்பா? நானே எழுந்து போட மாட்டேனா?” என்றார். ஸ்மார்ட் பல்பை மாற்றியிருக்கிறார்கள், ரௌட்டரை ரீசெட் செய்திருக்கிறார்கள், பலனில்லை. நான் ஸ்பீக்கரிடம் இன்றைக்கு சூரியன் எத்தனை மணிக்கு மறையும் என்று கேட்டுவிட்டு, அது சொன்ன பதிலைச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டர் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய அரை மணி பிந்தியிருந்தது. தீர்க்கரேகை ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். மும்பை நமக்கு மேற்கே ஏழு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. கணக்கு ஒத்துப்போனது: ஐபியைப் பார்த்து மும்பையில் உட்கார்ந்திருக்கிறது. முகவரியை எழுதினேன், 631209 போட்டேன், அன்றைக்கு சாயங்காலமே விளக்கு வேளைக்கு எரிந்தது. கதவு எண்ணைக் கொடுக்கத் தயங்குகிறவர்கள் தெருவும் பின்கோடும் கொடுத்தாலே இதற்குப் போதும்.

இந்தச் சோதனை மும்பையையும், பெரும்பாலான நாட்களில் டெல்லியையும் காட்டிக்கொடுக்கும், சென்னையைக் காட்டிக்கொடுக்காது. சென்னைக்கும் நமக்கும் சூரியக் கணக்கில் மூன்று நிமிடம்கூட வித்தியாசமில்லை. அதற்கு வெயிலைத்தான் கேட்க வேண்டும். மே மாதத்தில் அதிக வெப்பம் பதிவான ஊர்கள் என்று வானிலை மையம் வாசிக்கும் பட்டியலில் வேலூரோடு சேர்த்துத் திருத்தணி பெயர் அடிக்கடி வரும். 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே புதிதல்ல. சென்னைக்கு மதியம் கடல் காற்று வந்துவிடும், நமக்கு மலைப்பாறை காய்வதுதான் மிச்சம். மொட்டை மாடியில் கால் வைக்க முடியாத நேரத்தில் ஸ்பீக்கர் 36 டிகிரி என்று குளுகுளுவெனச் சொன்னால், அது மெரினாப் பக்கம் எங்கோ இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

போன் சொல்லித் தப்பாகிற கதை வேறு. வீட்டுக்குள் ஜிபிஎஸ் சரியாக எட்டாது என்பதால், சுற்றியுள்ள வைஃபை ரௌட்டர்களின் அடையாள எண்ணை வைத்தும் போன் இடத்தைக் கணக்கிடும். எந்த ரௌட்டர் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் கூகுளிடமும் ஆப்பிளிடமும் இருக்கிறது. ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட மனைப்பிரிவில் தனி வீடு. அம்பத்தூரில் வாடகைக்கு இருந்தவர்கள் பழைய ரௌட்டரோடு குடிவந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் வேறு வைஃபையே கிடையாது. ஹாலில் நின்று பார்த்தால் மேப்பில் நீலப் புள்ளி அம்பத்தூர். மாடிக்குப் போனால் திருத்தணி. கீழே இறங்கினால் மறுபடியும் அம்பத்தூர். அந்த வீட்டுத் தம்பி படிக்கட்டில் ஏறி இறங்கி அதையே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். பட்டியல் நாளடைவில் தானே திருந்திவிடும். அதுவரை முகவரியைக் கையால் எழுதிவிட வேண்டியதுதான். தன் ரௌட்டர் கூகுள் பட்டியலில் இருக்கவே வேண்டாம் என்பவர்கள் வைஃபை பெயரின் கடைசியில் ‘அண்டர்ஸ்கோர் நோமேப்’ என்று சேர்த்துக்கொள்ளலாம்.

செட்டப்பே நடக்கவில்லை என்றால் பெரும்பாலும் போனில் லொகேஷன் அனுமதி அணைந்திருக்கும். ஆண்ட்ராய்டில் பக்கத்திலுள்ள கருவியைத் தேடவே பல போன்களில் அந்த அனுமதி வேண்டும். ‘பிரிசைஸ்’ என்ற பொத்தானையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் அதில் வித்தை ஒன்றுமில்லை.

வெளிநாட்டுக் கணக்குதான் நேரத்தை விழுங்கும். பிள்ளை நியூஜெர்சியிலிருந்து ஸ்பீக்கரைத் தன் கணக்கிலேயே இணைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருப்பார். நேர மண்டலத்தை மட்டும் இந்தியாவுக்கு மாற்றியிருப்பார், அதனால் மணி சரியாகச் சொல்லும். வானிலை கேட்டால் பாரன்ஹீட்டில் பனிப்பொழிவு. முகவரியைத் திருத்தப் போனால் ஐந்து இலக்க எண்தான் கேட்கும். நம் ஆறு இலக்கத்தை வாங்காது. கணக்கின் நாட்டையே மாற்ற வேண்டும், அல்லது ஸ்பீக்கரை அதிலிருந்து விடுவித்து இங்குள்ளவர் பெயரில் புதிதாக இணைக்க வேண்டும். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் இதை விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இருக்கட்டும்பா, இங்க வெயில்னு எனக்கே தெரியுது. அவனுக்கு அங்க குளிரான்னு இதுதான் சொல்லுது” என்றார். கருவிப் பையை மூடிவிட்டேன்.

எல்லைப் பக்கத்து ஊர் என்பதால் நமக்கென்று இன்னொரு புகார் உண்டு. சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி, ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும் படாஸ்கர் தீர்ப்பும் முடிந்து 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு அன்றைக்கு முடிவானது, ஆனால் செல்போன் டவருக்குக் கோடு தெரியாது. பள்ளிப்பட்டுப் பக்கம் போனால் போன் ஆந்திர டவரைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பக்கத்து வீடுகளில் “பக்கத்துல பெட்ரோல் பங்க் எங்கே?” என்று கேட்டால் ஸ்பீக்கர் ஆந்திராவுக்குள் இருப்பதைச் சொல்லும். லொகேஷன் கெட்டுப்போச்சு என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் முகவரி சரி, பின்கோடு சரி, காலண்டர் சரி. தூரக் கணக்கில் அந்த பங்க்தான் உண்மையிலேயே கிட்டே. அங்கே லிட்டருக்கு விலை கூட என்பதும், வண்டிக்காரர்கள் இந்தப் பக்கமே டேங்கை நிரப்பிக்கொண்டு போவார்கள் என்பதும் அதன் கணக்கில் இல்லை. அதைத் திருத்த ஆப்பில் பொத்தானும் இல்லை. “ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு சார், பெட்ரோலுக்கு மட்டும் டிரைவரைக் கேளுங்க” என்று சொல்லிவிட்டு, வந்துபோன பெட்ரோல் காசை மட்டும் வாங்கிக்கொள்வேன்.