கடைமடையில் ஓராண்டு

நகரத்திலேயே நெடுங்காலம் வாழ்ந்தவர்க்கு அரிசி கடையிலிருந்து வரும் பொருள். நாகை மாவட்டத்தில் காவிரிப் பாசனத்தின் கடைமடைச் சிற்றூர் ஒன்றுக்கு வந்து ஓராண்டு நிறைவுற்ற இந்நாளில், அந்த அரிசிக்குப் பின்னே எத்தனை காத்திருப்புகள் உள்ளன என்பது எனக்கு விளங்குகிறது.

முதற் காத்திருப்பு தண்ணீருக்கு. 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் நாள் பாசனத்திற்குத் திறப்பது வழக்கம். அந்நீர் கல்லணையைக் கடந்து, ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் எனப் பிரிந்து எங்கள் ஊரை எட்டுவதற்குள் தலைமடையில் நாற்று பச்சை கட்டிவிடும். 2024-இல் அணை திறந்ததே ஜூலை 28-ஆம் நாள்தான். ஆகவே இங்குள்ளோர் குறுவையைப் பெரிதும் நம்புவதில்லை. ஐந்து மாதப் பயிரான சம்பாவே இவர்களுக்கு வாழ்வு. பலர் புழுதி உழவு செய்து நேரடியாக விதைக்கிறார்கள். நடவு வயல்களிலோ உள்ளூர்ப் பெண்களோடு மேற்கு வங்கத் தொழிலாளரையும் இப்போது காணலாம்.

ஐப்பசி பிறந்ததும் வடகிழக்குப் பருவமழை. தண்ணீருக்கு ஏங்கிய அதே உழவர், இப்போது அது வடிவதற்குக் காத்திருக்கிறார். நிலம் தாழ்ந்தது, ஆறுகள் நிரம்பிவிட்டால் வயல்நீர் எளிதில் வெளியேறாது. இளம்பயிர் பல நாள் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும்.

தையில் கதிர் முற்றும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே ஈர வயலில் உளுந்தையும் பயறையும் தெளிக்கிறார்கள். மண்ணின் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் பருகியே அவை விளைகின்றன. என்னே இவர்களது சிக்கனம்! ஆயினும் 2021 ஜனவரியிலும், 2023 பிப்ரவரியிலும் பருவந்தவறிப் பெய்த மழை, அறுக்க வேண்டிய கதிர்களைச் சாய்த்துவிட்டதை இன்றும் வேதனையோடு கூறுகிறார்கள்.

அறுத்த நெல்லும் உடனே பணமாவதில்லை. ஈரம் நூற்றுக்கு 17 பங்குக்கு மிகாமல் இருக்கவேண்டும் என்பது கொள்முதல் நிலையத்தின் பொது விதி. மழை மிகுந்த ஆண்டுகளில் அரசு தளர்த்துவதும் உண்டு. சாலையோரத்தில் நெல்லைக் காயவைத்து, மேகம் கறுத்தால் தார்ப்பாயால் மூடி, முறை வரும்வரை இரவிலும் அங்கேயே படுத்துக் காவல் காக்கிறார்கள். “வெளியில கொட்டிக் கிடக்கிற வரைக்கும் அது நெல்லு இல்லீங்க சாமி, எடை போட்டு மூட்டை தச்சாத்தான் நெல்லு” என்றார் ஒரு முதியவர்.

கோடையில் இராமநாதபுரத்துக் கீதாரிகள் மந்தைகளோடு வந்து கிடை போடுகிறார்கள். வெறுமையாய்க் கிடப்பதாக நாம் நினைக்கும் நிலத்தில், அடுத்த பயிருக்கான எரு அப்போதுதான் சேர்கிறது.

பெற்றோரே, அடுத்த பொங்கல் விடுமுறையில் உங்கள் பிள்ளைகளை ஒரு நெல் வயலுக்கும், முடிந்தால் ஒரு கொள்முதல் நிலையத்திற்கும் அழைத்துச் செல்லுங்கள். தார்ப்பாயின் அருகே அமர்ந்திருக்கும் உழவரோடு சற்று நேரம் பேசவிடுங்கள். தட்டில் சோற்றை மீதம் வைக்காதே என்று அதன்பின் நீங்கள் சொல்ல வேண்டியிராது.