கோயில் நிலம் யார் பெயரில்?

லாபு, நீலாய், போர்ட்டிக்சன் பக்கம் இன்று கித்தா மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் எழும்புகின்றன. 'மலேசியா விஷன் வேலி' என்னும் மேம்பாட்டுத் திட்டமும் இந்தத் தோட்ட மண்ணைத்தான் நம்பியிருக்கிறது. அதற்கு நான் எதிரியல்ல. ஒழுகும் லயத்தில் வளர்ந்தவன், லயத்தை அப்படியே காப்பாற்றுங்கள் என்று சொல்வானா?

ஆனால் பிள்ளைகளே, தோட்டம் கைமாறும்போது நம் கையில் என்ன இருக்கிறது? துரை அந்தக் காலத்தில் வாய்வார்த்தையாகக் கொடுத்த இடத்தில் மாரியம்மனை வைத்தோம். தீமிதி நடந்தது, கூழ் ஊற்றினோம். நிலப்பட்டா மட்டும் கம்பெனி பெயரிலேயே இருந்தது. பக்தி நில அலுவலகத்தில் செல்லாது.

தமிழ்ப்பள்ளிகளைப் பாருங்கள். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பிறகு அவை அரசாங்கப் பதிவிலும் ஏறின. அதனால்தான் தோட்டம் காலியான பின்னும், பள்ளியை வேறிடத்துக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்க நமக்கு வாய் இருந்தது.

ஏட்டில் ஏறாதவற்றின் கதி வேறு. 2013இல் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் ஒரு சண்டியையே, அதாவது பழங்காலக் கோயிலையே, மேம்பாட்டாளர் இடித்துத் தள்ளினார். அது தனியார் நிலத்தில், அரசிதழில் ஏறாமல் கிடந்தது. ஆயிரம் ஆண்டுச் சரித்திரம் பேசும் பள்ளத்தாக்குக்கே அந்த நிலை என்றால், முனியாண்டி எம்மாத்திரம்?

2005இல் வந்த தேசிய மரபுச் சட்டம் கட்டடத்தோடு பாட்டையும் சடங்கையும்கூட மரபு என்கிறது. தேசிய மரபாக ஒன்றை அறிவிக்கச் சொல்லி யாரும் பரிந்துரைக்கலாம். ஐ.நா. 2015இல் வகுத்த 17 இலக்குகளில், நகரங்களைப் பற்றிய 11ஆவது இலக்கு, மரபைக் காப்பதையும் வளர்ச்சிக் கணக்கில் சேர்த்துவிட்டது. ஆனால் நம் நாட்டில் நிலம் மாநில அதிகாரம். கோலாலம்பூருக்கு எழுதும் கடிதத்தோடு, நம் மாநில அரசு இருக்கும் சிரம்பானின் கதவையும் தட்ட வேண்டும். அதுவும் திட்டம் வரைபடமாக இருக்கும்போதே. புல்டோசர் வந்த பிறகு கற்பூரம் ஏற்றிப் பயனில்லை.

முதல் வேலை, கேட்டு எழுதுவது. பால் வெட்டிய கிழவிகள் இருக்கும்போதே தாலாட்டையும் ஒப்பாரியையும் கைப்பேசியில் பதியுங்கள், பாடியவர் பெயரோடும் ஆண்டோடும். உளி, மங்கு, காண்டா எதையும் பழைய இரும்புக்காரனிடம் போடாதீர்கள். பிறகு தோட்டத்தை வரையுங்கள்: கோயில், பள்ளி, பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, கிணறு. இடுகாட்டைக் கட்டாயம் குறியுங்கள்; கோயிலுக்கு மாற்று இடம் கேட்கக் கூட்டம் கூடுகிறது, இடுகாட்டுக்காக யாரும் மனு எழுதி நான் பார்த்ததில்லை.