2328-ஐ எழுதியவருக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய ஜான் மோய் அவர்களுக்கு,

அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து எழுதுகிறேன். 2024-இல் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. எங்கள் வாயில் வருவது இன்னும் பழைய பெயர்தான். 1998 ஏப்ரலில் நீங்கள் எழுதிய ஆர்எஃப்சி 2328, அதாவது ரவுட்டர்கள் வழியைக் கணக்கிட உதவும் ஓஎஸ்பிஎஃப் முறையின் இரண்டாம் பதிப்பு விதிமுறை, எனக்கு நெட்வொர்க் சொல்லிக்கொடுத்த வாத்தியார். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

எங்கள் தீவுகளுக்கு இன்டர்நெட் நெடுங்காலம் செயற்கைக்கோள் வழியாகத்தான் வந்தது. 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதிதான் கடலடி கேபிள் திறக்கப்பட்டது. மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்து, இங்கிருந்து ஹேவ்லாக், ரங்கத், லாங் ஐலண்ட், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை போகிறது. அதற்கு முன்னால் ரவுட்டிங் படிக்க ஆசைப்பட்டவனுக்கு வீடியோ பாடமெல்லாம் எட்டாக்கனி. உங்கள் விதிமுறையோ வெறும் எழுத்துக் கோப்பு. 244 பக்கம், அரை எம்பி கூட இல்லை. படங்களைக்கூடக் கோடும் கூட்டல் குறியும் வைத்தே வரைந்திருக்கிறீர்கள். ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும், லைன் இல்லாத நாளிலும் படிப்பு நிற்காது. அது எவ்வளவு பெரிய கொடை என்பது இங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும்.

என் வீட்டு லேப் என்பது மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த பழைய கம்ப்யூட்டர்கள் சில. எல்லாவற்றிலும் லினக்ஸ், அதன் மேல் எஃப்ஆர்ஆர். குனிஹிரோ இஷிகுரோ 1990-களில் தொடங்கிய ஜீப்ராவின் வழிவந்த, கம்ப்யூட்டரை ரவுட்டராக்கும் இலவச மென்பொருள் அது; அவருக்கும் நான் கடன்பட்டவன். இப்படி உருவான ரவுட்டர்களுக்கு போர்ட் பிளேர், ரங்கத், ஹட்பே, கமோர்ட்டா என்று எங்கள் பக்கத்து இடப்பெயர்களையே வைத்திருக்கிறேன்.

ஒருநாள் ஹட்பேக்குப் பின்னால் இருந்த நெட்வொர்க் எதுவுமே போர்ட் பிளேரின் ரவுட்டிங் டேபிளில் ஏறவில்லை. பிங் போகிறது. கேபிள் சரி. 10 விநாடிக்கு ஒருமுறை ஹலோ பாக்கெட்டும் தவறாமல் வருகிறது. பக்கத்து ரவுட்டர்களின் பட்டியலைப் பார்த்தால் ஹட்பே இருக்கிறது, ஆனால் முழு இணைவைக் குறிக்கும் 'ஃபுல்' நிலைக்கு வரவில்லை. 'எக்ஸ்ஸ்டார்ட்' நிலையிலேயே நிற்கிறது. முகம் பார்த்தாகிவிட்டது, பேச்சு தொடங்கவில்லை. பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் போட்டுப் பார்த்தேன். போர்ட் பிளேர் 5 விநாடிக்கு ஒருமுறை அதே டேட்டாபேஸ் டிஸ்கிரிப்ஷன் பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது.

உங்கள் கோப்பில் 10.6-ஆம் பகுதியைத் திறந்தேன். இந்தப் பாக்கெட் வந்தால் முதலில் எம்டியூவை, அதாவது துண்டாகாமல் போகக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவைப் பார், உன்னால் துண்டாக்காமல் வாங்கமுடியாத அளவை எதிராளி சொன்னால் பாக்கெட்டை நிராகரி என்கிறது அது. பாக்கெட்டுக்குள் பார்த்தேன். போர்ட் பிளேர் 1500 என்கிறது, ஹட்பே 9000 என்கிறது. ஹட்பே பழைய உரிமையாளரின் அமைப்போடு அப்படியே வந்த மெஷின். அதை 1500 ஆக்கியதும் எக்ஸ்சேஞ்ச், லோடிங், ஃபுல் என்று நிலைகள் வரிசையாக மாறின. டேபிளில் வழிகள் ஏறின.

எம்டியூவைக் கண்டுகொள்ளாதே என்று சொல்ல ஒற்றைக் கட்டளை உண்டு. பலரும் அதைத்தான் முதலில் போடச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதைப் போட்டால் லேப் சின்னதாக இருக்கும்வரை எல்லாம் ஓடும். வழிகள் பெருகி, ஒரு அப்டேட் 1500 பைட்டைத் தாண்டும் நாளில் அந்தப் பாக்கெட் சத்தமில்லாமல் தொலையும். காரணத்தை எங்கே போய்த் தேடுவது? உங்கள் விதியோ அளவு பொருந்தாத ரவுட்டரைத் தொடக்கத்திலேயே வாசலில் நிறுத்திவிடுகிறது. போக்குவரத்து ஏறுவதற்கு முன்பே தகராறு வெளியே தெரிந்துவிடுகிறது. பழுது பார்க்கப்போகிறவனை மனத்தில் வைத்து ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பதை அந்த ஒரு பத்தியில் உணர்ந்தேன். நான் அதிகம் நன்றி சொல்ல விரும்புவது இதற்குத்தான்.

இன்னொரு ரவுட்டிங் முறையான ரிப்பையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பக்கத்து ரவுட்டர் சொன்ன தூரத்தை நம்பி, தன் பங்குக்கு ஒன்றைக் கூட்டி அடுத்ததற்குச் சொல்லும் முறை அது. 16 வந்தால் வழியே இல்லை என்று பொருள். அங்கே ஒரு வழி தவறினால் யார் சொன்ன கணக்கு பிசகியது என்று ஒவ்வொரு பெட்டியாகக் கேட்டுப் போகவேண்டும். ஓஎஸ்பிஎஃப்பில் ஒரு ஏரியாவின், அதாவது நெட்வொர்க்கின் ஒரு பிரிவின், முழு வரைபடமும் அதிலுள்ள எல்லா ரவுட்டரிடமும் ஒன்றுபோல இருக்கிறது. டைக்ஸ்ட்ராவின் குறும்பாதைக் கணக்கை ஒவ்வொன்றும் தானே போட்டுக்கொள்கிறது. ஒரு பெட்டியில் உட்கார்ந்தே முழு ஏரியாவையும் பார்த்துவிடலாம் என்பது, தனியாகக் கற்கிறவனுக்குப் பெரிய துணை.

விதிமுறையின் முன்பகுதியில் நீங்களும் நன்றி சொல்லியிருக்கிறீர்கள்: ஃப்ரெட் பேக்கர், ராப் கோல்டன் என்று போகும் பட்டியலில் கண்ணன் வரதன் என்ற பெயரைப் பார்த்தபோது ஒரு கணம் நின்றுவிட்டேன். அவர்கள் எல்லோருக்கும் என் வணக்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேபிள் வந்துவிட்டது, வீடியோவும் ஓடுகிறது. ஆனாலும் என்னிடம் கற்க வரும் பிள்ளைகளுக்கு முதலில் 2328-இன் 10-ஆம் பகுதியைத்தான் கொடுக்கிறேன். அடுத்ததாக ஐபிவி6-க்கான ஆர்எஃப்சி 5340-ஐத் தொடங்கியிருக்கிறோம். அதன் ஆசிரியர் வரிசையிலும் உங்கள் பெயர் இருக்கிறது.


போர்ட் பிளேரிலிருந்து ஒரு மாணவன்