சென்னையிலிருந்து ஏற்காடு: நான்கு மீட்டருக்குள் ஒரு குடும்பம்

இந்தியாவில் விற்கும் சிறிய எஸ்.யூ.வி.க்களின் உருவத்தைத் தீர்மானித்ததில் வடிவமைப்பாளர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதே அளவு பங்கு வரிச் சட்டத்துக்கும் உண்டு. 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தது. நீளம் நான்கு மீட்டரைத் தாண்டக் கூடாது, பெட்ரோல் என்ஜின் 1,200 சி.சி.க்குள்ளும் டீசல் என்ஜின் 1,500 சி.சி.க்குள்ளும் இருக்க வேண்டும் என்ற வரையறை அப்போது வகுக்கப்பட்டது. ஜி.எஸ்.டி. வந்த பிறகும் அந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் காருக்கு 18 சதவீத வரி. தாண்டினால் 40 சதவீதம். டாடா நெக்ஸானின் நீளம் 3,995 மில்லிமீட்டர், பெட்ரோல் என்ஜின் 1,199 சி.சி., டீசல் என்ஜின் 1,497 சி.சி. என்று இருப்பதன் காரணம் இதுதான்.

நெக்ஸானின் மாதிரி வடிவம் 2014-இல் கிரேட்டர் நொய்டாவில் நடந்த வாகனக் கண்காட்சியில் காட்டப்பட்டது. கார் 2017 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. அப்போது டாடாவின் வடிவமைப்புத் தலைவராக இருந்தவர் பிரதாப் போஸ். நான்கு மீட்டருக்குள் ஒரு எஸ்.யூ.வி.யை அடைத்தால் அது பெட்டி போலத்தான் நிற்கும் என்ற எண்ணம் பரவலாக இருந்த காலத்தில், பின்பக்கம் சரியும் கூரையும், இடுப்பளவில் ஓடும் வெள்ளைப் பட்டையும், உப்பிய சக்கர வளைவுகளுமாக அது வந்தது. 2023 செப்டம்பரில் முகம் மாறியது. ஹெட்லைட்டுகள் பம்பருக்கு இறங்கின. பின்விளக்குகள் காரின் அகலம் முழுக்க ஒரே கோடாக இணைந்தன. பின் வைப்பர் மேலே ஸ்பாய்லருக்கு அடியில் மறைந்தது. தெருவில் பார்ப்பவர் திரும்பிப் பார்க்கும் கார் அது என்பதில் சந்தேகமில்லை. நாள்தோறும் உள்ளே உட்காரும் குடும்பத்துக்கு அந்த அழகு என்ன செய்கிறது என்பது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம். அதற்கு சென்னையிலிருந்து ஏற்காடு போய்வரும் வழி நல்ல அளவுகோல். குடியிருப்பின் கார் நிறுத்துமிடம், தெற்கு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையின் நெரிசல், நான்குவழிச் சாலை, இருபது கொண்டை ஊசி வளைவுகள் என்று தமிழ்நாட்டுக் குடும்பக் கார் சந்திக்கும் எல்லாமே அதில் அடங்கும்.

சோதனை கார் நகர்வதற்கு முன்பே தொடங்குகிறது. தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி ஒரு கார் நிறுத்துமிடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். நெக்ஸானின் அகலம் 1,804 மில்லிமீட்டர். நடுவில் நிறுத்தினால் இரு பக்கமும் மிஞ்சுவது தலா 35 சென்டிமீட்டர். ஒரு பக்கம் தூண் இருந்தால் அந்தப் பக்கக் கதவைத் திறக்கவே முடியாது. ஆகவே காரை வெளியே எடுத்த பிறகு பெரியவர்களை ஏற்றுவதுதான் வழக்கமாகிவிடுகிறது. நான்கு மீட்டர் விதி நீளத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. அகலத்துக்கு வரம்பு வைக்கவில்லை. உள்ளே இடம் தேட வேண்டிய வடிவமைப்பாளர்கள் பக்கவாட்டில் போவது அதனால்தான். பின் சீட்டில் மூன்று பேர் தோளோடு தோள் இடிக்காமல் உட்கார முடிவதற்கும் இதே அகலம்தான் காரணம்.

முழங்கால் வலி உள்ள பாட்டி ஒருவர் ஏறுவதைக் கவனித்தால் இந்த வகைக் காரின் மிகப் பெரிய நன்மை புலப்படும். சாதாரண செடான் காரில் அவர் கீழே இறங்கி உட்கார வேண்டும். எழும்போது யாராவது கை கொடுக்க வேண்டும். இங்கே சீட் ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருக்கிறது. முதுகைக் காருக்குக் காட்டி, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சீட்டின் ஓரத்தில் அமர்ந்து, இரண்டு காலையும் ஒருசேர உள்ளே திருப்பிக்கொள்ளலாம். கீழ்ச்சட்டம் சற்று அகலமாக இருப்பதால் மழைக்காலத்தில் புடவையின் விளிம்பில் சேறு ஒட்டும். அந்த ஒரு குறையைத் தவிர்த்தால், வீட்டில் முதியவர் இருப்பவர்கள் இந்த உயரத்துக்காகவே எஸ்.யூ.வி. வாங்குவது சரியான முடிவு.

அழகுக்குக் கொடுக்கும் விலை பின்கதவில் தெரிகிறது. கண்ணாடியின் கீழ்விளிம்பு பின்னால் போகப் போக மேலேறுகிறது. அதற்கப்பால் கூரையைத் தாங்கும் தூண் பருமனாக இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்க இந்தக் கோடு காருக்கு ஒரு பாய்ச்சலைத் தருகிறது. உள்ளே உட்காரும் ஐந்து வயதுக் குழந்தைக்கோ வயலும் ஏரியும் தெரிய வேண்டிய இடத்தில் கதவின் பிளாஸ்டிக்தான் தெரியும். வெளியே பார்க்க முடியாத குழந்தைக்கு மலைப்பாதையில் சீக்கிரம் குமட்டும். உயர்த்தி அமர்த்தும் குழந்தை இருக்கை பாதுகாப்புக்கு மட்டுமன்றி இதற்கும் உதவுகிறது. ஓட்டுநருக்கும் பின்பக்கப் பார்வை குறைவு. ரிவர்ஸ் கேமரா இல்லாத அடிப்படை மாடலை வாங்குபவர் அதைத் தனியாகவாவது பொருத்திக்கொள்வது அவசியம்.

டிக்கியின் கொள்ளளவு 382 லிட்டர். நால்வருக்கான மூன்று நாள் துணி, ஒரு பெரிய பெட்டியும் இரண்டு பைகளுமாக அடங்கும். டிபன் கேரியரையும் தண்ணீர்க் கேனையும் இடுக்கில் செருகிவிடலாம். 25 கிலோ அரிசிச் சிப்பத்தை ஏற்றும்போது மட்டும் டிக்கியின் வாய் உயரமாக இருப்பது இடுப்புக்குத் தெரியும். 2024 செப்டம்பரில் வந்த சி.என்.ஜி. மாடலில் இரண்டு சிறிய சிலிண்டர்களைத் தரைக்கு அடியில் வைத்ததால் 321 லிட்டர் மிஞ்சுகிறது. பொதுவாக சி.என்.ஜி. கார்களில் டிக்கி முழுவதையும் சிலிண்டரே பிடித்துக்கொள்ளும். அதை நினைத்தால் இது உண்மையான முன்னேற்றம்.

தாம்பரம் தாண்டிச் செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலை ஊர்ந்துதான் போகும். இந்த நெரிசலில் மூன்று சிலிண்டர் பெட்ரோல் என்ஜினின் இயல்பு வெளிப்படுகிறது. டர்போவின் முழு இழுவிசையான 170 நியூட்டன் மீட்டர் 1,750 சுற்றுகளுக்கு மேல்தான் கிடைக்கிறது. அதற்குக் கீழே கார் தயங்கும்; இரண்டாவது கியரில் ஊர்ந்தால் லேசாக அதிரும். கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் ஓய்ந்துபோகும் இந்தச் சுமார் முப்பது கிலோமீட்டருக்காகவே இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்குக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். தினமும் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஓட்டுபவருக்கு மலையைவிட இந்த நெரிசல்தான் நிரந்தரம்.

பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி சுங்கச்சாவடிகளைக் கடந்து உளுந்தூர்பேட்டை வரும்போது ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் முடிந்திருக்கும். நான்குவழிச் சாலைக்கு 2018-இல் மத்திய அரசு அறிவித்த வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். அந்த வேகத்தில் நெக்ஸான் தரையை நன்றாகப் பிடித்து ஓடுகிறது. பாலத்தின் இணைப்பு மேடுகளில் பின் சீட் தூக்கிப் போடுவதில்லை. இந்த விலைக் கார்களில் சஸ்பென்ஷன் இவ்வளவு பக்குவமாக அமைவது அபூர்வம். நெக்ஸானின் மிகச் சிறந்த குணம் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலைக்குத் திரும்பிய பிறகு கவனம் கூட வேண்டும். அந்தச் சாலையின் புறவழிப் பகுதிகள் நீண்ட காலம் இருவழியாகவே இருந்து பல விபத்துகளுக்கு இடமாயின. லாரியை முந்தும்போது கியரை ஒன்று குறைத்து டர்போவை விழிக்க வைத்த பிறகே வெளியே எடுக்க வேண்டும். டீசல் என்ஜினுக்கு இந்தத் தயக்கம் குறைவு; 260 நியூட்டன் மீட்டர் 1,500 சுற்றிலேயே வந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட சாலைகள்தான் பாதுகாப்பு மதிப்பீட்டை வெறும் விளம்பர வாசகமாக எண்ணவிடாமல் செய்கின்றன. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் மோதவிடும் குளோபல் என்கேப் சோதனையில், 2018 ஆகஸ்டில் நெக்ஸான் நான்கு நட்சத்திரம் பெற்றது; அதே ஆண்டு டிசம்பரில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து. இந்தியாவில் தயாரான கார் ஒன்று குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது அதுவே முதல் முறை. குழந்தைகள் பாதுகாப்புக்கு அப்போது மூன்றே நட்சத்திரம் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 2024 பிப்ரவரியில், முன்பைவிடக் கடுமையாக்கப்பட்ட விதிகளின் கீழ், இரண்டிலும் ஐந்து கிடைத்தது: பெரியவர்களுக்கு 34-க்கு 32.22, குழந்தைகளுக்கு 49-க்கு 44.52. ஆறு ஏர்பேக், சறுக்கலைத் தடுக்கும் இ.எஸ்.சி., குழந்தை இருக்கையைக் கொக்கியில் மாட்டும் ஐஸோஃபிக்ஸ் ஆகியவை அடிப்படை மாடலிலேயே வருகின்றன. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காரும் நம் பழக்கத்துக்கு முன்னால் இந்த மதிப்பெண்கள் எதுவும் உதவாது. வெடித்து விரியும் ஏர்பேக்குக்கும் தாயின் மார்புக்கும் நடுவே குழந்தை இருக்கக் கூடாது. பின் சீட்டில், தனி இருக்கையில், கொக்கி மாட்டி உட்கார வைப்பது ஒன்றே வழி.

சேலத்தில் கோரிமேட்டைத் தாண்டி அடிவாரத்தை அடைந்ததும் ஏற்காடு மலைப்பாதை தொடங்குகிறது. ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தை இருபது வளைவுகளில் ஏறிவிட வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் எண் பலகை உண்டு. ஐந்து பேரும் முழு டிக்கியுமாக ஏறும்போது பெட்ரோல் காரில் ஒரு பழக்கம் தேவை: வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். இரண்டாவதில் நுழைந்து நடுவில் சுற்று இறங்கிவிட்டால், முதல் கியருக்கு மாற்றுவதற்குள் கார் ஏறக்குறைய நின்றுவிடும். பின்னால் பேருந்து வந்தால் பதற்றம்தான். திரும்பும் ஆரம் சுமார் 5.1 மீட்டர் என்பதால் எந்த வளைவிலும் இரண்டாவது முறை வளைக்க நேராது. 208 மில்லிமீட்டர் தரை இடைவெளி, பகோடா முனைக்கும் சேர்வராயன் கோயிலுக்கும் போகும் குறுகிய சாலைகளில் எதிர் வண்டிக்கு வழிவிட்டு மண் ஓரத்தில் இறங்கும்போது கைகொடுக்கும். மே மாதக் கோடை விழாவின்போது அப்படி இறங்காமல் அங்கே ஓட்டவே முடியாது.

மலைமேல் பனி மூடும்போது கண்ணாடியில் ஈரம் படியும். ஏ.சி.யின் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்ப வேண்டும். 2023-க்குப் பிந்தைய உயர் மாடல்களில் அந்தக் கட்டுப்பாடுகள் பளபளப்பான கருப்புப் பலகையில் தொடு பொத்தான்களாக இருக்கின்றன. திருகும் குமிழ் என்றால் விரலே தேடிக்கொள்ளும்; வழவழப்பான பலகையைக் கண்ணால் பார்த்துத்தான் தொட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் அந்த ஒரு நொடி பெரிது. பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிடுவது நல்லது. ஒரு வாரத் தூசியும் கைரேகையும் அந்தக் கருப்புப் பரப்பில் அப்படியே தெரியும் என்பது சிறிய தொல்லை.

இறக்கத்தில் எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய பாடம் இந்தக் காருக்கும் அப்படியே பொருந்தும். பிரேக்கை மட்டும் நம்பிச் சென்றால் பாதி வழியில் சூடேறிய வாடை வரும். ஆட்டோமேட்டிக் ஓட்டுபவர்கள் கையால் கியர் மாற்றும் நிலைக்குக் கொண்டுவந்து இரண்டாவதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். மின்சார நெக்ஸானுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. காலை எடுத்தாலே மோட்டார் காரைப் பிடித்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஏறும்போது இழந்ததில் ஒரு பகுதி இறங்கும்போது திரும்பக் கிடைக்கும்.

எரிபொருள் கணக்கில் அதிகாரபூர்வச் சோதனை எண்கள் கியரைக் கையால் மாற்றும் பெட்ரோல் காருக்கு லிட்டருக்கு 17.44 கிலோமீட்டர், டீசலுக்கு 23.23. முழுச் சுமை, ஏ.சி., நெரிசல், மலை எல்லாம் சேர்ந்தால் பெட்ரோலுக்கு 14 கிடைத்தாலே திருப்திப்படலாம். 44 லிட்டர் டேங்க் அப்போது 616 கிலோமீட்டர் தரும். போய்வரும் 700-க்கும் மேற்பட்ட கிலோமீட்டருக்குச் சேலத்தில் ஒருமுறை நிரப்பிக்கொள்ள வேண்டும். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் உள்ள மைலேஜ் வித்தியாசத்தைப் பார்த்து எல்லோரும் டீசலுக்குத் தாவக் கூடாது. பி.எஸ். 6 மாசு விதிகளுக்கு உட்பட்ட டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அதில் சேர்ந்த கரி எரிந்து போக, கார் தொடர்ந்து சற்று வேகமாக ஓடிச் சூடேற வேண்டும். பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர், கடைக்கு ஒன்று என்று மட்டும் ஓடும் காரில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரந்தோறும் ஊருக்குப் போய்வருபவருக்கு டீசல். நகரத்துக்குள்ளேயே சுற்றி ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் மலையேறும் குடும்பத்துக்கு ஆட்டோமேட்டிக் பெட்ரோல். வீட்டிலேயே சார்ஜ் செய்ய வசதி உள்ளவருக்கு மின்சார மாடல்.